சேலையைப் பார்த்து 'சிக்' என்றால் என்ன அர்த்தம்?

வாசகர் கடிதம்:

"டீச்சர், எனக்குச் சொந்த ஊர் களக்காடு பக்கம். பாளையங்கோட்டையில் நர்சிங் படித்தேன். இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. வந்த முதல் வாரம், ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரங்களை ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவரில் 'ஆறாம் பெட் பேஷண்ட் இஸ் வெரி சிக்' என்று சொன்னேன். அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அதைத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் வாந்தி எடுக்கிற கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். போன வாரம் என் கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். கூட வேலை பார்க்கிற ஒரு சின்னப் பெண் பட்டுச்சேலையைப் பார்த்துவிட்டு 'ஓ மை காட், தட்ஸ் சிக்!' என்றாள். எனக்கு முகம் செத்துப்போச்சு. ரெண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அமெரிக்காவில் இருக்கிற அண்ணனிடம் சொன்னால், 'அது பாராட்டுட்டி, இங்க இல் (ill)-னு கூடச் சொல்லுவாவ, ரெண்டும் ஒண்ணுதான்' என்கிறான். ரெண்டும் ஒண்ணா டீச்சர்? சீக்குக்கும் அதே வார்த்தை, சிறப்புக்கும் அதே வார்த்தை என்றால் நான் எதை எங்கே சொல்ல? என் தங்கச்சி, வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் எழுதுகிற ஓஇடி ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்."

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் சேலை விஷயத்தை முடித்துவிடுவோம். கடிதத்தில் அந்த இடத்தில்தான் உங்கள் மனசு நொந்திருக்கிறது. அந்தப் பெண் உங்கள் சேலையைப் பாராட்டியிருக்கிறாள். மரியாதைக்குச் சொல்கிற 'நைஸ்', 'லவ்லி' எல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. பார்த்த மாத்திரத்தில் வாயில் வந்து விழுந்த பாராட்டு இது. பேசியவள் இளவட்டம். பேசியது ஒரு பொருளைப் பற்றி. பேச்சைத் தொடங்கியதே 'ஓ மை காட்' என்ற வியப்பில். இவ்வளவும் கூடி வரும்போது அந்த வார்த்தைக்கு 'அட்டகாசம்' என்பதுதான் அர்த்தம்.

நம்ம ஊர்ப் பேச்சை நினைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம் 'ஏட்டி, சேல பயங்கரமா இருக்கு' என்றால் அவள் பூரித்துப்போகிறாள். நாதஸ்வரக்காரர் நன்றாக வாசித்தால் 'கொன்னுட்டாருலே' என்கிறோம். விடாமல் உழைக்கிறவனை 'பேயா வேல பாக்கான்' என்கிறோம். பையன்கள் 'வெறித்தனம்', 'மரண மாஸ்' என்கிறார்கள். பயங்கரம், கொலை, பேய், வெறி, மரணம் எல்லாமே புகழுக்கு வந்துவிட்டன. நல்ல சொற்கள் எல்லார் வாயிலும் புழங்கிப் புழங்கி வேகம் குறைந்துவிடுகின்றன. 'நல்லா இருக்கு' என்று சாம்பாரையும் சொல்கிறோம், சேலையையும் சொல்கிறோம். அதற்கு மேலே ஒரு படி வியப்பு வந்தால், கனமான சொல் வேண்டியிருக்கிறது. கனம் பெரும்பாலும் கெட்ட சொற்களிடம்தான் இருக்கிறது.

ஆங்கிலக்காரர்களும் இதையேதான் நூற்றாண்டுக் கணக்காகச் செய்துவருகிறார்கள். 'டெரிஃபிக்' என்பது முதலில் நடுங்கவைப்பது என்றுதான் பொருள்பட்டது. 'டெரர்' அதற்குள் அப்படியே இருக்கிறது. இன்றைக்குப் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் டீச்சரே எழுதுகிற பாராட்டு அது. 'விக்கிட்' என்றால் கொடியது; இங்கிலாந்தில் ஒரு தலைமுறைக்கு அதுவும் பாராட்டாக இருந்தது. கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் 'பேட்' என்றாலே பிரமாதம் என்று ஒரு பொருள் வெகுகாலமாக உண்டு. அந்த வரிசையில் பின்னால் வந்தவைதான் நீங்கள் கேட்கிற 'சிக்', 'இல்' இரண்டும்.

உங்கள் அண்ணன் சொன்னது பாதி சரி. கொச்சைப் பேச்சில் இரண்டும் புகழ்ச்சிதான். ஆனால் பிறந்த இடம் வேறு, புழங்குகிற ஆட்கள் வேறு. 'இல்' புகழ்ச்சியானது 1980களில், நியூயார்க் ஹிப்-ஹாப் பாட்டுக்காரர்கள் மத்தியில். தொடக்கத்தில் அங்கேயும் அது நல்ல சொல் கிடையாது. 'இல்லின்' என்றால் கிறுக்குத்தனமாக, முறைகெட்டு நடப்பது. அப்புறம்தான் ஒருவன் பாட்டை அடுக்கும் திறமையை, தாளத்தை, நடையைப் பார்த்துச் சொல்கிற பாராட்டாக மாறியது. 'சிக்' அதே 1980களில் கல்லூரிப் பிள்ளைகளிடமும், கடல் அலையில் பலகை ஓட்டுகிறவர்கள், சக்கரப் பலகையில் சாகசம் செய்கிறவர்கள் மத்தியிலும் பரவியது. 'மனுஷன் செய்யக்கூடிய காரியமா இது' என்று மூச்சடைக்க வைக்கிறது எதுவோ அது 'சிக்'.

சாகசத்துக்குச் சொன்ன சொல் பிறகு பாட்டு, சட்டை, செருப்பு, கார், சேலை வரைக்கும் இறங்கிவந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 'இல்' அப்படிப் பரவவில்லை. அது அமெரிக்காவிலேயே, ஹிப்-ஹாப் கேட்டு வளர்ந்தவர்கள் வாயில்தான் அதிகம். நீங்கள் இருக்கிற வார்டில் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பார்த்து 'இல்' என்று சொன்னால், தனக்கு முகம் வாடித் தெரிகிறதோ என்று அவள் கண்ணாடி பார்ப்பாள். அண்ணன் ஊர் வழக்கத்தை லீட்ஸுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இனி 'சிக்' மட்டும் காதில் விழும்போது எந்த அர்த்தம் என்று எப்படிப் பிரிப்பது? எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். பொருளையோ நிகழ்ச்சியையோ சொன்னால் பெரும்பாலும் புகழ்ச்சி. ஆளைச் சொன்னால் பெரும்பாலும் நோய் அல்லது வாந்தி. ஆளைச் சொல்லி அதன் பின்னால் ஒரு திறமையைச் சேர்த்தால் மறுபடியும் புகழ்ச்சி: 'ஹீ இஸ் சிக் அட் ஃபுட்பால்' என்றால் பந்தாட்டத்தில் அவன் பலே கெட்டிக்காரன். பின்னால் 'ஆஃப்' வந்தால் முற்றிலும் வேறு: 'ஐ அம் சிக் ஆஃப் திஸ்' என்றால் அலுத்துப்போச்சு, வெறுத்துப்போச்சு.

ஆனால் ஒரு நான்காவது அர்த்தம் இருக்கிறது. அதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது சுடும். வக்கிரம் என்ற அர்த்தம். சாவையும் ஊனத்தையும் வைத்துச் செய்கிற கேலியை 'சிக் ஜோக்' என்பார்கள். ஒரு கொடுமையான செய்தியைக் கேட்டு வயதானவர் ஒருவர் முகத்தைச் சுளித்து 'தட்ஸ் சிக்' என்றால், அது அருவருப்பு. ஒருவரின் முகத்துக்கு நேரே 'யூ ஆர் சிக்' என்றால், 'உனக்குப் புத்தி கெட்டிருக்கு' என்று திட்டுவது. அந்தச் சின்னப் பெண் சொன்ன அதே இரண்டு வார்த்தைதான், குரலும் வயசும் மாறினால் அர்த்தம் தலைகீழாகிறது. ஆகையால் காதில் வாங்குங்கள், வாயில் எடுக்காதீர்கள். எழுபது வயதுப் பாட்டி தன் பேரன் வரைந்த படத்தைக் காட்டும்போது நீங்கள் ஆசையாக 'சிக்' என்று சொல்லிவிட்டால், அவர் மனசு என்ன பாடுபடும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

இப்போது நோய்க்கு வருகிறேன். உங்கள் தொழில் அங்கேதான் இருக்கிறது. கொச்சைப் பேச்சில் தடுமாறினால் மனவருத்தம். இங்கே தடுமாறினால் நோயாளிக்குக் கெடுதல்.

நாம் எல்லாரும் இங்கே 'சிக்' என்றால் உடம்பு சரியில்லை என்று பொதுவாகப் படித்தோம். அது தப்பான படிப்பு அல்ல, பழைய படிப்பு. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் நோயாளி என்றால் 'சிக்'தான். அதில் 'இல்' வருகிற இடங்களில் தீமை, அவலட்சணம், கேடு என்றுதான் பொருள். எகிப்து ராஜா பார்வோன் கனவில் வருகிற அந்த மெலிந்த பசுக்களுக்கு முன்னால் 'இல்' போட்டிருக்கும், அவை காய்ச்சலில் கிடந்தன என்பதற்காக அல்ல, பார்க்க அலங்கோலமாக இருந்தன என்பதற்காக. ஆங்கிலேயச் சபைகளின் ஜெபப் புத்தகத்திலும் வியாதியஸ்தரைச் சந்திக்கும் முறைமைக்குத் தலைப்பில் 'சிக்' என்றுதான் இருக்கும். மிஷன் பள்ளிக்கூடங்கள் வழியாக நம் சீமைக்கு ஆங்கிலம் வந்தபோது இந்தச் சொல்தான் முன்னால் நின்றது. 'சீக்கு' என்று தமிழாகி, கோழிக்கும் மாட்டுக்கும் மனுஷனுக்கும் பொதுவாகிவிட்டது. 'சீக்குக் கோழி மாதிரி உக்காந்திருக்கான்' என்று சொல்கிற பாட்டிக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது. அமெரிக்காவிலும் இந்தப் பழைய பொதுப்பொருள் அப்படியே தங்கிவிட்டது. அண்ணன் காய்ச்சலில் படுத்தால் ஆபீசுக்கு 'ஐ அம் சிக்' என்று சொன்னால் போதும்.

பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே அன்றாடப் பேச்சில் 'டு பீ சிக்' என்றால் வாந்தி எடுப்பது. 'ஐ ஃபீல் சிக்' என்றால் பெரட்டுது, ஓங்கரிக்கிறது. 'ஷீ ஹாஸ் பீன் சிக் டுவைஸ்' என்றால் இரண்டு தடவை நோயில் விழுந்தாள் என்று நாம் நினைப்போம். அவர்கள் சொல்வது, இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். இதற்கும் மேலே போய், அங்கே 'சிக்' பெயர்ச்சொல்லாகவும் நிற்கும். 'தேர் இஸ் சிக் ஆன் த ஃப்ளோர்' என்றால் தரையில் வாந்தி கிடக்கிறது. 'சிக் பௌல்' உங்கள் தோழி தூக்கிக்கொண்டு ஓடிய அந்தக் கிண்ணம்.

ராத்திரி டியூட்டியில் ஒரு நோயாளி 'ஐ ஹாவ் பீன் சிக் ஆல் நைட்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 'பாவம், ராத்திரி முழுக்க முடியாமல் இருந்திருக்கிறார்' என்று எடுத்துக்கொண்டு குறிப்பில் அப்படியே எழுதிவிட்டால், அவர் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். எட்டு மணிக்குக் கொடுத்த மாத்திரை வயிற்றில் தங்கியதா, வெளியே வந்துவிட்டதா என்ற கேள்வியே எழாது. 'ஐ ஃபீல் சிக்' என்று கேட்டதும் கை வாந்திக் கிண்ணத்துக்கும் வாந்தி நிற்கிற மருந்துக்கும் போகவேண்டும். 'ஐ ஃபீல் இல்' என்று கேட்டால் கை தெர்மாமீட்டருக்கும் நாடிக்கும் போகவேண்டும். சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்: 'டூ யூ மீன் யூ வாமிட்டட்?' இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக எந்த நோயாளியும் கோபித்துக்கொள்ள மாட்டார். நானே என் வகுப்புப் பிள்ளைகளை இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொல்வேன், கேட்க வேண்டிய நேரத்தில் நாக்கு தானாக வரவேண்டும் என்பதற்காக.

உங்கள் ஹேண்ட்ஓவர் வாக்கியத்துக்கும் நியாயம் சொல்லியாக வேண்டும். டாக்டர்களும் அனுபவமுள்ள நர்சுகளும் தங்களுக்குள் 'திஸ் பேஷண்ட் இஸ் சிக்' என்று சொல்லும்போது, 'நிலைமை மோசம், கவனி' என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். எமர்ஜென்சியில் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் 'சிக்'கா இல்லையா என்று பிரிப்பது அவர்கள் பாலபாடம். நீங்கள் சொன்னது அந்த வழக்கத்தில் சரி. தோழி எடுத்துக்கொண்டது அன்றாட வழக்கத்தில் சரி. இருவர் மேலும் குற்றமில்லை. ஆனால் மூச்சு வாங்குகிற ஒரு நோயாளியின் விஷயத்தில், இரண்டு அர்த்தம் தருகிற சொல்லை நம்பி நிற்கக் கூடாது.

அந்த இடத்தில் 'சிக்'கும் வேண்டாம், 'இல்'லும் வேண்டாம். எண்ணைச் சொல்லுங்கள். மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, ஆக்சிஜன் அளவு எவ்வளவு, பிரஷர், நாடி, சூடு, ஆள் தெளிவாக இருக்கிறாரா, புதிதாகக் குழப்பம் ஏதும் உண்டா. இவற்றைக் கூட்டித்தானே, நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று காட்டுகிற 'நியூஸ் டூ' மதிப்பெண்ணை நீங்கள் அங்கே போடுகிறீர்கள். 2017இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் திருத்தி வெளியிட்ட அந்த முறையில், மொத்தம் 5 வந்தால் உடனே டாக்டர் பார்க்கவேண்டிய நிலை, 7 தொட்டால் அவசரக் குழுவையே கூப்பிடவேண்டிய நிலை. 'ஆறாம் பெட், நியூஸ் ஏழு, மூச்சு முப்பது' என்று சொல்லியிருந்தால் கிண்ணத்தை எடுக்க யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். எண்ணுக்குக் கொச்சைப் பேச்சு கிடையாது.

சொல்லால் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'அன்வெல்' இருக்கிறது. 'ஷீ இஸ் வெரி அன்வெல்', 'அக்யூட்லி அன்வெல்'. இதற்கு வாந்தி அர்த்தமும் இல்லை, புகழ்ச்சி அர்த்தமும் இல்லை, திட்டு அர்த்தமும் இல்லை. அங்கே ஆஸ்பத்திரிப் பேச்சில் இது நன்கு புழங்குகிற சொல். இன்னொன்று, நீங்கள் இருக்கிற யார்க்ஷயர் பக்கம் காதில் விழாத நாளே இருக்காது: 'பூர்லி'. இதைக் கேட்டதும் நமக்கு ஏழை என்றுதான் தோன்றும். அங்கே அதற்கு மேலுக்குச் சுகமில்லை என்று அர்த்தம். குழந்தைக்குச் சளி பிடித்தாலும் 'பூர்லி'. ஆனால் ஒரு டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொந்தக்காரர்களிடம் 'ஹீ இஸ் வெரி பூர்லி' என்றால், பிழைப்பது கஷ்டம் என்று பக்குவமாகச் சொல்கிறார். அந்த 'வெரி'யை லேசாக எடுத்துக்கொண்டு, குடும்பத்தாரிடம் 'ஒண்ணுமில்ல, சரியாயிரும்' என்று சொல்லிவிடாதீர்கள்.

'இல்' என்ற சொல்லைப் பற்றி ஒரு செய்தி சொல்ல எனக்கு ஆசை, அது நீங்கள் இப்போது இருக்கிற யார்க்ஷயரோடு சம்பந்தப்பட்டது. 'சிக்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். 'இல்' வெளியிலிருந்து வந்தது. வைக்கிங்குகள் என்று படித்திருப்பீர்கள், கப்பலேறி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியமர்ந்தவர்கள். யார்க் நகரமே அவர்கள் ஆட்சியில் இருந்தது. 'இல்' அவர்கள் மொழியிலிருந்து வந்த சொல், அர்த்தம் 'கெட்டது'. நோய் என்ற அர்த்தம் 15ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. பழைய அர்த்தம் இன்றும் சாகவில்லை. 'ஸ்பீக் இல் ஆஃப்' என்றால் ஒருவரைப் பற்றித் தப்பாகப் பேசுவது, 'இல் வில்' என்றால் வன்மம், 'இல் ட்ரீட்டட்' என்றால் கொடுமைக்கு ஆளானவர். கெட்டது, பிறகு நோய், பிறகு நியூயார்க்கில் பிரமாதம். எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது பாருங்கள் இந்த மூன்றெழுத்துச் சொல்!

இந்தப் பழைய கனம் இன்னும் உள்ளே இருப்பதால்தான், 'இல்' கொஞ்சம் கனத்த நோய்க்கு ஏற்ற சொல்லாக இருக்கிறது. 'சீரியஸ்லி இல்', 'கிரிட்டிகலி இல்', 'டெர்மினலி இல்' என்று சேரும். 'மென்டல் இல்னஸ்', 'க்ரானிக் இல்னஸ்' என்று சேரும். வயிறு புரட்டுகிற வகைக்கெல்லாம் 'சிக்'. மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை வளைவுகளில் பஸ் ஏறும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வருகிறதே, அது 'டிராவல் சிக்'. கப்பலில் வந்தால் 'ஸீ சிக்', கர்ப்பிணிக்கு வந்தால் 'மார்னிங் சிக்னஸ்'. மனசு சம்பந்தப்பட்ட ஏக்கத்துக்கும் 'சிக்'தான். ஊர் நினைப்பு வந்து தொண்டை அடைப்பதற்கு 'ஹோம் சிக்'. இந்த இடங்களில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்க முடியாது. பெயருக்கு முன்னால் ஒட்டி வரும்போதும் 'சிக் சைல்ட்' என்பார்கள், வெறுமனே 'இல் சைல்ட்' என்று சொல்வது வழக்கமில்லை. முன்னால் ஒரு 'சீரியஸ்லி' சேர்ந்தால் மட்டும் 'இல்' அங்கே வந்து உட்காரும்.

லீவு விஷயத்திலும் 'சிக்' நிலைத்துவிட்டது, அங்கே யாரும் வாந்தியை நினைப்பதில்லை. 'சிக் லீவ்', 'சிக் பே', 'ஷீ இஸ் ஆஃப் சிக்' எல்லாம் சரி. டாக்டர் கொடுக்கிற சீட்டை மக்கள் இன்னும் 'சிக் நோட்' என்கிறார்கள், ஆனால் 2010 ஏப்ரலிலிருந்து அரசாங்கப் பெயர் 'ஃபிட் நோட்'. ஏழு நாளுக்கு மேல் போனால்தான் அது தேவைப்படும். இங்கே ஒரு சொல்லில் மட்டும் கவனமாக இருங்கள்: 'சிக்கி'. செல்லமாக லீவைச் சொல்கிற சொல்போல இருக்கும். உங்கள் தோழிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதன் அர்த்தம், உடம்புக்கு ஒன்றும் இல்லாமலே போடுகிற பொய் லீவு. உண்மையாகவே காய்ச்சலில் கிடக்கும்போது வார்டு மேனேஜருக்கு போன் போட்டு 'ஐ அம் டேக்கிங் எ சிக்கி' என்று சொன்னால், நீங்களே உங்களைப் பொய்க்காரி ஆக்கிக்கொள்கிறீர்கள்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கிற தவறு இது. 'சீக்கு' நம் நாக்கில் ஊறியிருப்பதால் ஆங்கிலத்திலும் 'சீக்' என்று இழுத்துவிடுகிறோம். அப்படி இழுத்தால் அது தேடு என்ற சொல். குறிலாக, வெட்டினாற்போல் 'சிக்'. 'இல்'லை நீட்டி 'ஈல்' என்றால் அது விலாங்கு மீன். 'ஐ ஃபீல் இல்' என்ற வாக்கியத்தில் 'ஃபீ' நெடில், 'இல்' குறில், இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. காலையில் பல் தேய்க்கும்போது நாலு தடவை சொல்லிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் எழுதும்போது இன்னொன்று: 'நான் வருவேன்' என்பதற்கு எழுதுகிற 'ஐ'ல்' என்ற சொல்லில் மேல்புள்ளியை (அபாஸ்ட்ரஃபி) விட்டுவிட்டால் அது எழுத்தில் 'இல்' ஆகிவிடும். 'நாளைக்கு வருவேன்' என்று மேனேஜருக்கு அனுப்பிய செய்தியின் தொடக்கமே 'நோய்' என்று நிற்கும். பார்க்கிறவர் புரிந்துகொள்வார்தான். ஆனாலும் லீவு, ஷிஃப்ட் பற்றிய செய்திகளில் புள்ளியை விடாதீர்கள்.

அந்தச் சின்னப் பெண்ணிடம் நீங்களாகவே போய்ப் பேசிவிடுங்கள். 'நீ சொன்னது எங்க ஊர்ப் படிப்பில் வேற அர்த்தம், அதான் மூஞ்சி சுருங்கிட்டு' என்று உள்ளதைச் சொல்லலாம். விளக்கம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 'தேங்க் யூ ஃபார் வாட் யூ செட் அபௌட் மை சாரி' என்று மட்டும் சொன்னாலும் போதும். ரெண்டு நாள் நீங்கள் பேசாததற்குக் காரணம் தெரியாமல் அவளும் தவித்திருப்பாள். இளம் பெண், வெளியூர்க்காரி ஒருத்தியின் கல்யாணப் போட்டோவை ஆசையாக வாங்கிப் பார்த்தவள். இப்படிப்பட்ட ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது அந்தக் குளிரில் உங்களுக்குப் பெரிய துணை.

தங்கச்சிக்கு ஓஇடி விஷயம். நர்சுகளுக்கான எழுத்துத் தேர்வில் அவள் எழுதப்போவது ஒரு கடிதம்: நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும்போது எழுதுவது. முதல் 5 நிமிஷம் குறிப்புகளைப் படிக்க, அடுத்த 40 நிமிஷம் எழுத. அந்தக் கடிதத்தில் 'சிக்' என்ற சொல்லுக்கு இடமே வேண்டாம். 'வாமிட்டட்', 'நாசியா', 'ஃபீவர்', 'ஷார்ட்னஸ் ஆஃப் ப்ரெத்' என்று குறிகளையே எழுதச் சொல்லுங்கள். குறிப்பில் 'சிக் டைம்ஸ் த்ரீ' என்று இருந்தால், மூன்று முறை வாந்தி என்று எடுத்து எழுதவேண்டும், மூன்று முறை நோயுற்றார் என்று எழுதினால் கடிதமே தடம் மாறிவிடும்.

பேச்சுத் தேர்வில் எதிரே நோயாளியாக நடிக்கிறவர் 'ஐ ஹாவ் பீன் ஃபீலிங் ரியலி சிக்' என்று தொடங்கக்கூடும். உடனே மருந்து, ஆறுதல் என்று போகாமல், 'வயிறு புரட்டுகிறதா, வாந்தி வந்ததா, அல்லது பொதுவாக உடம்பு முடியவில்லையா' என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கட்டும். அங்கே பார்ப்பது ஆங்கிலம் மட்டும் இல்லை, நோயாளி சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று உறுதிசெய்கிற பழக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு. பிரிட்டன் நர்சிங் கவுன்சில் கேட்கிறது கேட்டல், படித்தல், பேச்சு மூன்றிலும் பி கிரேடு, எழுத்தில் மட்டும் சி ப்ளஸ். எழுத்துக்குத்தான் நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கேட்டல் பகுதிக்குக் கூடுதலாக நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள், இங்கிலாந்துக்காரர்களும் ஆஸ்திரேலியாக்காரர்களும் நோயாளிகளாகப் பேசுகிற ஒலிப்பதிவுகளைத் தினமும் கேட்கட்டும். ஒவ்வொரு தடவை 'சிக்' காதில் விழும்போதும் நிறுத்திவிட்டு, அந்த ஆள் வாந்தியைச் சொல்கிறாரா, நோயைச் சொல்கிறாரா, அலுப்பைச் சொல்கிறாரா என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டு நிறைந்த பிறகு எனக்கு எழுதட்டும், அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்